கருவாடு நனைந்த வருஷம்

எங்கள் ஊரில் வருஷத்துக்கு நம்பர் கிடையாது, பெயர்தான் உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒருத்தரும் ஒரு வருஷத்தை நாலு இலக்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. "கம்மாய் உடைஞ்ச வருசம் எனக்குக் கல்யாணம்" என்பார்கள். "இவன் வெட்டுக்கிளி வருசத்துல பெறந்தவன்லா" என்பார்கள். அவ்வளவு சொன்னால் போதும், ஊரில் எல்லாருக்கும் கணக்குப் புரிந்துவிடும். பள்ளிக்கூட வாத்தியாருக்கு மட்டும் புரியாது. அவர் வெளியூர்.

பிள்ளைகளா, நீங்கள் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிக்கிறீர்கள். அதில் ஒரு வருஷத்துக்கு ஒரு நம்பர். எந்த ஊரில் உட்கார்ந்து படித்தாலும் அதே நம்பர்தான். பெயர் அப்படி இல்லை, ஊருக்கு ஊர் மாறும். நான் சொல்லப் போகிற வருஷத்துக்கு, விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் ஒரு பெயர். அங்கிருந்து ரெண்டு பஸ் மாறிப் போனால் வருகிற கடற்கரை ஊரில் வேறு பெயர். ரெண்டு பெயரையும் வைத்தது ஒரே மழை. அந்த மழைக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கடற்கரை ஊர் எங்கள் பக்கத்துக் கரையில் வடக்குக் கோடியில் இருக்கிறது. மீன் பிடிக்கிற ஊர். அதற்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் "கடக்கரை" என்று மட்டும்தான் சொல்வார்கள், உலகத்தில் வேறு கடற்கரையே இல்லாத மாதிரி.

அங்கே எங்களுக்கு ஒரு அத்தை உண்டு. சொந்தம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வருஷமும் அறுப்பு முடிந்ததும் தலையில் ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருவாட்டோடு எங்கள் ஊருக்கு வருவாள். கருவாட்டைக் கொடுத்துவிட்டுக் கம்பும் சோளமும் வற்றலும் வாங்கிக்கொண்டு போவாள். நடுவில் ஆடி மாதத்தில் ஒரு தடவை வருவாள். வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. இப்படி வந்து வந்து அம்மாவுக்கு மதினி ஆனாள், எனக்கு அத்தை ஆனாள். அவள் போன பிறகும் ஒரு வாரத்துக்கு வீட்டில் கருவாட்டு வாசம் இருக்கும். அது எனக்குப் பிடிக்கும்.

எங்கள் ஊர்க் கரிசல் மண்ணில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்கு முன்னாலேயே விதைத்துவிடுவார்கள். காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மழை பெய்த பிறகு விதைத்துக்கொள்ளலாம் என்றால் கரிசல் உள்ளே விடாது. கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் முதலில் விதை, அப்புறம் மழை. மழை வருகிற வரைக்கும் விதை உள்ளே உயிரோடு கிடக்கும். ரொம்ப நாள் கிடக்காது. எறும்பு இழுக்கும், குருவி கொத்தும், வெக்கையில் வெந்து போகும்.

அந்த வருஷம் அப்பா புரட்டாசியில் கம்பு விதைத்தார். ஐப்பசி வந்தது. ஐப்பசி போகவும் பார்த்தது. மழை இல்லை. விதைக்கு வைத்திருந்த கம்பு முழுக்க மண்ணுக்குள் கிடந்தது. மறுபடி விதைக்க வீட்டில் ஒரு கைப்பிடி கூட இல்லை. அதுதான் அப்பாவுடைய கவலை.

அப்பாவுக்கு, விறகை எரித்துக் கரியாக்குகிற கரிமூட்டத்தில் கட்டை அடுக்குகிற வேலை கிடைத்தது. அம்மாவுக்கு வேலை இல்லை. அப்போதுதான் கடக்கரை அத்தை எப்போதோ சொல்லிவிட்டுப் போனது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. "வேலை இல்லாத வருசம் எங்க ஊருக்கு வந்துருங்க மதினி. எங்க கம்மாய் வத்தாது." அம்மாவும் ஊரில் இன்னும் மூணு பொம்பளைகளும் கிளம்பினார்கள். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் போனேன். வாத்தியார், மூணாம் வகுப்புத்தானே என்று விட்டுவிட்டார்.

கடலைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியத்தை விடக் கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு தண்ணீர் இங்கே ஒருத்தருக்கும் உதவாமல் புரண்டுகொண்டு கிடக்கிறதே, ஒரு வாய்க்கால் வெட்டி எங்கள் ஊருக்கு விட்டால் என்ன என்று கேட்டேன். அத்தை மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னை விட ஒரு வயசு மூப்பு. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அந்தச் சந்து வழியாகக் காற்று வர வரச் சிரித்தாள்.

"ஏலே கம்மங்கூழு, நக்கிப் பாருலே."

நக்கிப் பார்த்தேன். அப்புறம் வாய்க்கால் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் கம்மங்கூழு என்கிற பெயர் அங்கே இருந்த வரைக்கும் எனக்கு நிலைத்துவிட்டது.

அந்த வருஷம் அங்கே சாளை மீன் குவிந்தது. வெள்ளி மாதிரி மினுங்குகிற சின்ன மீன். அத்தை வீட்டு மாமா வள்ளத்தில் போய்ப் பிடித்துக்கொண்டு வருவார். கரையில் இறக்கியதற்கு அப்புறம் எல்லாம் அத்தையின் பாடு. மீனைக் கழுவி, தொட்டியில் உப்புப் போட்டு ஊற வைத்து, மறுநாள் எடுத்து ஓலைப்பாயில் பரப்ப வேண்டும். உச்சி வெயிலில் புரட்டிப்போட வேண்டும். பொழுது சாயும்போது குவித்து மூட வேண்டும். அம்மாவும் மற்றவர்களும் அதைத்தான் செய்தார்கள். கரை முழுக்கப் பாய் பாயாக மீன் காய்ந்துகொண்டிருக்கும். எனக்கும் அத்தை மகளுக்கும் காக்கா விரட்டுகிற வேலை.

எங்கள் ஊரைப் பொசுக்கிக்கொண்டிருந்த அதே வெயில் இங்கே சோறு போட்டது. எனக்கு இது புதுசாக இருந்தது. வெயிலை ஒருத்தர் நல்ல வெயில் என்று சொல்லி அதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை. அத்தை காலையில் எழுந்ததும் வானத்தை அண்ணாந்து பார்த்து, "இன்னைக்கி நல்ல வெயிலு" என்பாள். எங்கள் ஊர்ப் பொம்பளைகளும் அதே நேரத்தில் அண்ணாந்து பார்ப்பார்கள். ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வடகிழக்கில் ஒரு துண்டு மேகம் தெரிந்தால் நாலு பேர் தலையும் ஒரே நேரத்தில் நிமிரும். அப்புறம் ஒன்றையும் பார்க்காதது மாதிரி மீன் மேல் குனிந்துகொள்ளும்.

ஊர் முக்கில் ஒரு குருசடி இருந்தது. சிலுவையை வைத்துச் சின்னதாகக் கட்டியிருக்கிற கோயில். தினமும் பொழுது சாயும்போது அத்தை அங்கே ஒரு மெழுகுதிரி கொண்டுபோய் ஏற்றுவாள். எதற்கு என்று அத்தை மகளிடம் கேட்டேன்.

"மழை வரக் கூடாதுன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழை வரக் கூடாது என்று யாராவது கேட்பார்களா?

"ஏன் வரக் கூடாது?"

"வந்தா கருவாட்டுல புழு விழுந்துரும்லா. அப்புறம் நாங்க என்னத்தத் திங்க?"

"வரலைன்னா எங்க வெதை செத்துரும். நாங்க என்னத்தத் திங்க?"

"கருவாட்டத் தின்னுங்க."

"கருவாட்ட வாங்கக் கம்பு வேணும்லா?"

அவள் ஒரு கை மணலை அள்ளி என் மேல் எறிந்துவிட்டு ஓடிவிட்டாள்.

அன்றைக்கு எனக்குள் புகுந்த கேள்வி ரொம்ப நாள் போகவில்லை. இங்கே ஒருத்தி வர வேண்டாம் என்கிறாள், அங்கே ஒரு ஊரே வா வா என்கிறது. மழை யார் பேச்சைக் கேட்கும்? மேகத்துக்கு விலாசம் தெரியுமா? அங்கே மட்டும் பெய்துவிட்டு இங்கே பெய்யாமல் போகுமா? அம்மாவிடம் கேட்டேன். அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, "சத்தமாப் பேசாதலே" என்றாள். அவ்வளவுதான் பதில்.

இப்படி இருக்கும்போது ஊரிலிருந்து வேலைக்குப் புதுசாக வந்த ஒரு பொம்பளை ஒரு செய்தி கொண்டுவந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் மழைக்கஞ்சி.

மழைக்கஞ்சி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மழை ரொம்பவும் தப்பிப் போனால், ஆடியானாலும் ஐப்பசியானாலும், ஊர்ப் பிள்ளைகள் ஒரு மண்பானையின் கழுத்தில் வேப்பிலையைக் கட்டி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அகப்பைக் கஞ்சி ஊற்றுவார்கள். உப்புப் போட்ட கஞ்சி ஆகாது. எல்லா வீட்டுக் கஞ்சியும் ஒரே பானையில் கலந்ததும் ஊருக்கு வெளியே கொண்டுபோய், கொஞ்சத்தைக் காய்ந்த தரையில் விட்டு, மிச்சத்தை எல்லாரும் கையில் ஏந்திக் குடிப்பார்கள். உப்பில்லாத கஞ்சியைக் குடிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமே, இதைப் பார்த்தாவது இரங்கு என்று மழையிடம் சொல்வதற்கு. இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு வீடு கூட விட்டுப் போகக் கூடாது.

சேதியைக் கேட்ட அம்மா மீனைப் புரட்டிக்கொண்டே, "நம்ம வீடு பூட்டிக் கெடக்குமே. நம்ம வீட்டுக் கஞ்சி இல்லாமப் போகுதே" என்றாள். அப்பா கரிமூட்டத்திலேயே சாப்பிட்டு அங்கேயே படுத்துக்கொள்வார். கஞ்சி காய்ச்ச ஆள் இல்லை. அம்மா அதை ஒரு தடவைதான் சொன்னாள். ஆனால் எனக்கு அது மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. மழை வராமல் போனால், எங்கள் வீட்டால்தான் வரவில்லை என்று ஆகிவிடும். அப்பாவுடைய விதை எங்கள் கஞ்சியால் செத்துப்போகும்.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தை மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஓரத்துக்குப் போனேன். ஒரு விளையாட்டு இருக்கிறது என்றேன். பானை வேண்டும், இலை வேண்டும், வீடு வீடாகப் போய்க் கஞ்சி வாங்க வேண்டும் என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவளுக்கும் அது தேவைப்படவில்லை. வீடு வீடாகப் போகிற எந்த விளையாட்டும் அவளுக்குப் பிடிக்கும். விளிம்பு உடைந்த பானை ஒன்றை எங்கேயோ போய் எடுத்துக்கொண்டு வந்தாள். வேப்பிலை கிடைக்கவில்லை. பூவரசு இலையைக் கட்டினோம்.

உப்பில்லாத கஞ்சி வாங்குவது அந்த ஊரில் லேசான காரியம் இல்லை. தொட்டியில் உப்பு, காற்றில் உப்பு, கதவுத் தாழ்ப்பாளில் கூட உப்பு. முதல் வீட்டு அம்மாள் ஆசையாகக் கஞ்சியை எடுத்துக்கொண்டு வந்தாள். "உப்புப் போட்டதா?" என்று கேட்டேன். "பின்னே, போடாமலா?" என்றாள். "உப்புப் போட்டது வேண்டாம்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த ஊருல பெறந்து வளந்து இத்தன வருசத்துல, உப்பு வேண்டாம்னு சொன்ன மொத ஆளு நீதாம்லே."

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏட்டி, பயலுக்கு ரத்தக் கொதிப்புப் போலுக்கு" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் சோறு வடித்த கஞ்சியை, உப்புப் போடாததை, ஊற்றினார்கள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு அத்தை மகள் அவள் இஷ்டத்துக்கு ஒரு காரணம் சொன்னாள். ஒரு வீட்டில் ஆட்டுக்குட்டிக்கு என்றாள். அடுத்த வீட்டில் எனக்கு வயிற்று வலி என்றாள். ஒவ்வொரு வாசலிலும் நான் உப்புக் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு வாசலிலும் சிரித்தார்கள். ஆனால் ஒரு வீட்டில் கூட இல்லை என்று சொல்லவில்லை.

கடைசியில் அத்தை வீடு. அங்கே போக எனக்குப் பயம். அத்தை மகள் விடவில்லை. "எங்க வீட்ட விட்டுட்டா நான் வெளையாட்டுக்கு வரலை" என்றாள். அவள் அறியாமலேயே அவளும் அந்தக் கண்டிப்பைத்தான் சொன்னாள்.

அத்தை அடுப்படியில் இருந்தாள். எங்களைப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள். பானையின் கழுத்தில் கட்டியிருந்த இலையைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்டுக்குட்டியா, வயிற்று வலியா, என்ன சொல்லப் போகிறாளோ என்று அத்தை மகளை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டாள். அடுப்பில் இருந்த சட்டியை ஒதுக்கினாள்.

"இது வேண்டாம், உப்புப் போட்டுட்டேன். வடிகஞ்சி இருக்கு, அத ஊத்துதேன்."

ஒரு அகப்பை ஊற்றினாள். கொஞ்சம் நின்றாள். இன்னொரு அகப்பையும் ஊற்றினாள். "சிந்தாமக் கொண்டு போங்க" என்றாள். அவ்வளவுதான். எதற்கு என்று அத்தை கேட்காமல் விட்டாளே என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஊருக்கு வெளியே உடைமுள் மரங்கள் நிற்கிற உடங்காட்டுப் பக்கம் போனோம். கொஞ்சத்தை மணலில் விட்டேன். மணல் சுர்ரென்று குடித்துவிட்டது. மிச்சத்தை ரெண்டு பேரும் கையில் ஏந்திக் குடித்தோம். அத்தை மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "தூ, என்னலே இது, வெளங்காத வெளையாட்டு" என்றாள். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னேன், இது மழைக்கு என்று. அவள் முகம் மாறியது. கையில் மிச்சம் இருந்த கஞ்சியை உதறினாள். ஆனால் குடித்தது குடித்ததுதான்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்தபோது அத்தை வழக்கம்போல மெழுகுதிரியோடு குருசடிக்குப் போனாள். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். மற்ற நாளை விட ரொம்ப நேரம் நின்றாள். போச்சு, என் கஞ்சியை முறியடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறமும் வெயில்தான் அடித்தது. எனக்குக் கஞ்சி மேல் நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் மழையைக் கொண்டுவருகிற கொண்டல் காற்று அடித்தது. கிழக்கே கடல் மேல் வானம் கன்னங்கரேலென்று ஏறி வந்தது. கரை முழுக்கச் சாளை பரப்பியிருந்தது. அந்த வருஷத்திலேயே அதிகமாகக் காயப்போட்டது அன்றைக்குத்தான்.

முதல் துளி என் மூக்கில் விழுந்தது. எங்கள் ஊரில் முதல் மழைக்குப் பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் இறங்கிக் குதிப்பார்கள். பெரியவர்களும் வாசலில் வந்து நின்று கும்பிடுவார்கள். நான் யோசிக்கவே இல்லை. சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு, "மழை! மழை!" என்று கத்திக்கொண்டு குதித்தேன். நாலு குதி குதித்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். அந்தக் கரையில் வேறு ஒருத்தரும் குதிக்கவில்லை. எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாருக்கும் முன்னால் ஓடியது அம்மா. இத்தனை நாளாக மேகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, பாயைச் சுருட்டுகிறாள், மீனைக் குவிக்கிறாள், தார்ப்பாயை இழுத்துப் போடுகிறாள். காற்று தார்ப்பாயைத் தூக்கியது. அம்மா அதன் ஓரத்தில் உட்கார்ந்து ரெண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். மழை சாட்டை மாதிரி அடித்தது. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கை ரெண்டும் தார்ப்பாயை விடவே இல்லை. முகம் மட்டும் மேலே நிமிர்ந்திருந்தது. வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்த பிறகும் தூறிக்கொண்டிருந்தது. மூடி வைத்த மீனிலும் பாதிக்கு மேல் ஈரம் புகுந்துவிட்டது. மூடாமல் விட்டது சேறாகக் கிடந்தது. அத்தையும் அம்மாவும் உட்கார்ந்து நல்லதைத் தனியாக, கோழித் தீவனத்துக்குப் போவதைத் தனியாகப் பொறுக்கினார்கள். அத்தை மகளால்தான் பொறுக்க முடியவில்லை.

"எல்லாம் இவனாலதாம்மா! இவன்தான் மழைக்குக் கஞ்சி எடுத்தான்! எனக்கும் குடுத்து ஏமாத்திட்டான்!"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்து கையை ஓங்கினாள். அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைய அடிக்காதீய மதினி. கூப்பிட்டா வருத மழையா இருந்தா, ஒங்க ஊரு ஏன் இப்பிடிக் காஞ்சி கெடக்கு?"

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயம் போனது. கூடவே கொஞ்சம் ஏமாற்றமும் வந்தது. மழையை வரவழைத்தது நான் இல்லையா?

மத்தியானம் போல அப்பா வந்தார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து கிட்டத்தட்ட ஓடிவந்தார். தூரத்தில் வரும்போதே பல் தெரிந்தது. எங்கள் ஊரில் மழை பெய்ததா என்று அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. கேட்கத் தேவையே இல்லாமல் போயிற்று. அப்பாவின் ரெண்டு செருப்புக்கும் அடியில் இன்னொரு செருப்பு மாதிரிக் கரிசல் மண் அப்பியிருந்தது. முழங்கால் வரைக்கும் கறுப்பு.

கரைக்கு வந்து மீன் கிடந்த கிடையைப் பார்த்ததும் அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் செருப்பைக் கழற்றி ரெண்டையும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்.

அத்தை பார்த்துவிட்டாள்.

"செருப்ப எதுக்கு அண்ணாச்சி ஒளிக்கிய? இங்கன காட்டுங்க பாப்போம்."

அப்பா தயங்கித் தயங்கி நீட்டினார். அத்தை அதிலிருந்து ஒரு துண்டு மண்ணைக் கிள்ளி, மீன் செதில் ஒட்டிய விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"நல்லா எறங்கியிருக்கா?"

"ஒரு மொழத்துக்கு எறங்கியிருக்கு தங்கச்சி."

"அப்பம் மொளச்சிரும்."

"மொளச்சிரும்" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் அத்தை முகத்தைப் பார்க்கவில்லை. எங்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தைக்கு எதிரே உட்கார்ந்து மீன் பொறுக்க ஆரம்பித்தார். மறுநாள் பொழுது சாய்கிற வரைக்கும் பொறுக்கினார்.

விதை முளைத்தது. அதற்கு அப்புறமும் நல்ல மழை. கதிர் கனத்துக் கம்பந்தட்டையே சாய்ந்துபோனது. எங்கள் ஊரில் அதற்குக் கம்பு சாய்ந்த வருஷம் என்று பெயர் வந்தது. கடக்கரையில் அதே வருஷத்துக்குக் கருவாடு நனைந்த வருஷம் என்று பெயர். மாசியில் அத்தை வந்தாள். பெட்டியின் அடியில்தான் கொஞ்சம் கருவாடு இருந்தது. "இவ்வளவுதான் மதினி இந்த வருசம்" என்றாள். அம்மா தானியக் குலுக்கையிலிருந்து கம்பை அள்ளி அள்ளி அவள் சாக்கில் போட்டாள். போதும், தூக்க முடியாது என்று அத்தை சொல்லச் சொல்லப் போட்டாள். "பெட்டியப் பாத்தா நான் கம்பு போடுதேன்?" என்றாள். அப்பா அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனார். இதெல்லாம் எனக்கு அப்போது சாதாரணமாகத் தெரிந்தது.

மூணு வருஷத்துக்கு முன்னால் நாம் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மழை தப்பிய வருஷம். மத்தியானம் நாலைந்து பிள்ளைகள் வேப்பிலை கட்டிய பானையோடு வாசலில் வந்து நின்றார்கள். உங்கள் அம்மா ஆற்றுப் பாசனத்து ஊர்க்காரி. அவளுக்கு இது தெரியாது. பாவம், பிள்ளைகள் பசியோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கஞ்சியில் மோரும் உப்பும் போட்டுக் கலக்கிச் செம்பு நிறையக் கொண்டுவந்தாள். பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். "ஐயோ அத்தை, உப்புப் போட்டது ஆகாது!" அவள் திகைத்துப்போய், "ஏன், எதுக்கு, என்ன கஞ்சி இது?" என்று என்னிடம் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரியாத ஒருத்தர் இப்படித்தானே கேட்பார்? கடக்கரையில் ஒவ்வொரு வாசலிலும் இப்படித்தானே கேட்டார்கள், ஒவ்வொரு வாசலிலும் நான் உப்புக் கதையைச் சொன்னேனே. ஒரே ஒரு வீட்டில் மட்டும் சொல்லவில்லை. அங்கே நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே உப்புப் போட்ட சட்டியை அத்தை ஒதுக்கிவைத்துவிட்டாள்.

அத்தைக்குத் தெரியும். எத்தனையோ ஆடி மாதம் எங்கள் வீட்டில் வந்து தங்கியவள். வேப்பிலை கட்டிய பானையை எத்தனை தடவை பார்த்திருப்பாள். அது எதைக் கேட்கிற பானை என்று தெரிந்துதான் ஊற்றினாள். கரையில் அவள் மீன் காய்ந்துகொண்டு கிடக்கும்போது ஊற்றினாள். அதுவும் ரெண்டு அகப்பை. ஒன்று அவள் வீட்டுக்கு. இன்னொன்று பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டுக்காக இருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

அத்தை இன்றைக்கு இல்லை. இருந்தால் பஸ் ஏறிப் போய் ஒன்றே ஒன்று கேட்பேன். கஞ்சி ஊற்றிய அதே கையோடு அன்றைக்குச் சாயங்காலம் குருசடிக்குப் போய் மெழுகுதிரியை ஏற்றிவிட்டு அவ்வளவு நேரம் நின்றாளே, அங்கே அவள் என்ன கேட்டாள்?